மோடம் ஸ்பீக்கரை அணைக்காமல் வைப்பது எப்படி

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். உண்மையில், வேலையை விட்டபின் வேறு வேலை இல்லாததால் பிறந்தது.

வீட்டிலிருந்தே போன் லைன் வழியாக ஆபீஸ் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்கிறவர்கள், இணைப்பு மெதுவாக இருந்தால் உதவி எண்ணில் எங்களைக் கூப்பிடுவார்கள். இரவுப் பணியில் சேர்ந்து, எட்டு மாதத்தில் தாக்குப்பிடிக்காமல் பகலுக்குக் கெஞ்சி மாறி, பிறகு பகலையும் விட்டு ஓடியவன் நான்.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "நள்ளிரவு. வெளியே மழை. போன் அலறியது."

பொய். காலை பதினொன்றரை, நல்ல வெயில். போனும் அலறவில்லை, ஹெட்செட்டில் ஒரு சின்ன 'பிப்'. நான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். பாதி உள்ளே விழுந்துவிட்டது.

2

கூப்பிட்டவர் ஒரு டைப்பிஸ்ட். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளை வீட்டில் அடித்து அனுப்புகிறவர். காலையில் நன்றாக ஓடும் இணைப்பு மதியத்துக்குள் நத்தையாகிவிடுகிறதாம். இன்று ஐந்து மணிக்குள் எல்லாம் போய்ச் சேராவிட்டால் நாளை முதல் ஆபீசிலேயே வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வீட்டை விட்டு வர முடியாது தம்பி," என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம் கலை அல்ல. ஒரு அழைப்புக்கு ஏழு நிமிடம்தான் அனுமதி. எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயரே 'ஏழு நிமிஷம்'.)

அவர் வீட்டில் ஒரே லைன். என்னோடு பேசினால், கணினியை லைனோடு இணைக்கும் மோடம் ஓடாது. மோடம் ஓடினால் என்னோடு பேச முடியாது. ஆகவே நான் ஒன்று சொல்வேன், அவர் போனை வைப்பார், செய்து பார்ப்பார், மறுபடி கூப்பிட்டு என்னையே கேட்பார். வயரை மாற்றச் சொன்னேன். மோடத்தை டிவி பக்கத்திலிருந்து நகர்த்தச் சொன்னேன். எதுவும் உதவவில்லை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு இது வசதி. இரண்டாம் வரைவில் ஜன்னலோரம் ஒரு பூனை, அதன் கண்களில்

வேண்டாம்.

3

நான்காவது அழைப்பில்தான் எங்கள் பக்கத்து லாகை, அதாவது இணைப்பின் வேகம் நிமிடவாரியாகப் பதிவாகும் கோப்பைத் திறந்தேன். (முதல் அழைப்பிலேயே திறந்திருக்க வேண்டும். பிஸ்கட் விவகாரம்.) நொடிக்கு 44,000 பிட்டில் ஆரம்பிக்கிறது. இருபது நிமிடத்தில் 31,200. அடுத்த இருபதில் 26,400. கடைசியில் 14,400. லைனில் கோளாறு என்றால் இப்படிக் கடிகாரம் பார்த்து இறங்காது. அதே லைனில் உள்ள இன்னொரு ரிசீவரை யாராவது எடுத்தால்தான் மோடம் தடுமாறிக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவரும்.

"வீட்ல வேற போன் இருக்கா மேடம்?"

"பின்னறையில ஒண்ணு இருக்கு."

"அதை யாரோ எடுக்குறாங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை."



"அவருதான். வீட்டுக்காரர். ஏழு மாசமா படுத்த படுக்கை, பேச்சும் வராது. போனை எடுத்து மோடத்தோட அந்தக் கொர்ருங்கிற சத்தம் கேட்டா, நான் முன்னறையில இருக்கேன்னு தெரிஞ்சுக்குவாரு போல. ஒரு தடவை நான் கடைக்குப் போயிட்டேன்னு நினைச்சு, கட்டில்ல இருந்து இறங்கப் பாத்து..."

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் அல்ல. அவர்.

'ஏழு நிமிஷம்' என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னய்யா, கதை கேட்டுட்டு இருக்கியா?"

எங்கள் பட்டியலில் இதற்கும் ஒரு வரி இருந்தது: கூடுதல் போன்களைக் கழற்றவும்.

"அதைக் கழட்டிடுங்க மேடம். சரியாயிடும்."

"சரி தம்பி," என்றார். வைக்கும் முன், "தேங்க்ஸ்," என்றார்.

பிறகு அவர் கூப்பிடவில்லை. லாகில் 44,000, ஒரு புள்ளி அசையவில்லை. 'தீர்ந்தது' என்று குறித்துக்கொண்டேன்.

5

(நான்காம் பகுதியில் என் தனிமை, இரவுப் பணியின் தத்துவம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.)

நாலரை மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. மோடத்துக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. இணைப்பு கிடைக்கும்வரை கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கத்தலையும் நிறுத்துவது எப்படி என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நிறுத்தாமலே வைக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது: எம், பக்கத்தில் ஒரு இரண்டு. அவ்வளவுதான். அதைப் போட்டால் வேலை முடியும்வரை மோடம் இரைந்துகொண்டே இருக்கும். பின்னறைக்கும் கேட்கும். வீட்டுக்காரர் ரிசீவரை எடுக்க வேண்டியதே இல்லை.

வாடிக்கையாளர்களை நாங்களாகக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டேன். எங்கேஜ்டு. திரும்பவும் எங்கேஜ்டு. என் பழுதுபார்ப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

6

முடிவு அ: ஐந்து மணிக்கு மேல் அந்த அம்மாவே எடுக்கிறார். கட்டளையைச் சொல்கிறேன். நன்றியில் அழுகிறார். (என் யோசனையைக் கேட்டு யாரும் அழுததில்லை. திட்டியிருக்கிறார்கள்.)

முடிவு ஆ: மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கட்டிலையும் தரையையும் நினைத்துக்கொள்கிறீர்கள். மலிவான வேலை, எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நடந்தது: ஐந்தே காலுக்குத் தெருமுனையில் காசு போடும் போனிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். "மேடம்" என்றேன். பதில் இல்லை, மூச்சு மட்டும். வேலை முடிந்ததும் அந்த அம்மா பின்னறைப் போனை மறுபடி மாட்டியிருக்கிறார். எடுத்தது வீட்டுக்காரர்.

இந்த இடத்தில் எட்டு வாக்கியங்கள் எழுதி எட்டையும் அடித்திருக்கிறேன். அன்று சொன்னது இதுதான்:

"ராங் நம்பர் சார்."

வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை லாகைப் பார்த்தேன். காலையிலிருந்து ஐந்து மணிவரை 44,000, அசையவே இல்லை; பின்னறைப் போனை அன்றும் கழற்றிவைத்திருக்கிறார். ஐந்து மணிக்கு மேல் அன்றும் அந்த லைன் சும்மாதான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். அதற்கு வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டேன்.

ரிசீவரை உங்களிடம் தருகிறேன். கட்டளை உங்களுக்குத் தெரியும். மூச்சு கேட்கிறது பாருங்கள். அவரால் பேச முடியாது, நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும்.