மாசி அமாவாசைப் பாடு

குப்பாயிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும். வாய் அப்புறம்தான் திறக்கும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நடந்தன.

“இன்னாண்ணா சொன்னே? இன்னொரு தபா சொல்லு.”

மேட்டுக்குப்பத்துத் தலைவர் வீரராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆனால் குப்பாயி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அவருக்கே குரல் ஒரு படி இறங்கிவிடும்.

“ஞாயித்துக்கெயமை மட்டும் வலை கட்ட வேணாம்னு சொன்னேன். ஒரு நாளுதானே குப்பாயி. உலகத்துல கீற நாட்டுக்காரங்கல்லாம் வராங்க. படகுல வெள்ளைக்கொடி கட்டிக்கினு முகத்துவாரம் வரைக்கும் போவப்போறாங்க. உன் வலை குறுக்க இருந்தா எப்படிப் போவாங்க?”

அவர் பக்கத்தில் நின்ற பட்டணத்து ஆள் கும்பிட்டார். பெயர் பரசுராமன். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் கலையாத சிரிப்பு. பங்களாதேஷ் சண்டை முடிந்து ஒரு வருஷம் கழிந்திருந்த சமயம் அது. பட்டணத்தில் உலக சமாதான மாநாடு கூடப் போகிறது, இனிமேல் எந்த நாடும் எந்த நாட்டோடும் யுத்தமே செய்யக் கூடாது என்று தீர்மானம் போடப் போகிறார்கள், அதற்கு வரும் விருந்தாளிகளை ஒரு நாள் ஏரிக்கு அழைத்துவந்து படகு ஊர்வலம் நடத்த வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

“அம்மா, இது வேடிக்கைக்குச் செய்யறதில்லை,” என்றார். “குண்டு விழுந்து குடும்பத்தையே பறிகொடுத்தவங்க வர்றாங்க. பிள்ளையைப் போர்ல இழந்த தாய்மார்கள் வர்றாங்க. அவங்களுக்காக நீங்க ஒரு நாள் விட்டுக்கொடுக்கக் கூடாதா? அன்னிக்கு வர்ற வருமானத்தை எங்க குழுவே கொடுத்துடும்.”

“டப்பு குடுப்பியா?” குப்பாயி கையிலிருந்த முறத்தை விசிறி அடித்தாள். “அந்த நாளுக்கு டப்பு குடுப்பியா நைனா நீ? அது இன்னா நாளுன்னு இந்தப் பெரிய மனுசன் உன்னாண்ட சொன்னாரா?”

பெரிய மனுஷர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்க மாட்டார். எப்படிச் சொல்வார்? சொன்னால் அவர் மானமல்லவா கப்பலேறும்!

ஏரியில் இறால் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம், கட்ட வேண்டிய வீடுகள் அதிகம். அதனால் எந்த நாளில் எந்த வீடு எங்கே கட்டுவது என்று ஊருக்குள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் தலையிடக் கூடாது. அவர் நட்ட கழியை விரலால்கூடத் தொடக் கூடாது. அவர் வலையைத் தூக்கும் வரைக்கும், ஜன்மப் பகையாளியாக இருந்தாலும், படகை நிறுத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

ஊருக்குள் இது காலகாலமாக உண்டு. மேட்டுக்குப்பத்துக்கும் அக்கரைக்குப்பத்துக்கும் நடுவில்தான் இல்லை. முகத்துவாரக் கால்வாய் எங்களுக்கு, உங்களுக்கு என்று இரண்டு ஊரும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டன. கடைசிச் சண்டை ஒரு மாசி அமாவாசையில் நடந்தது. தண்ணீர் வத்தி, இறால் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு ஓடுகிற நேரம். அக்கரைக்குப்பத்து அருணாச்சலம் நட்டிருந்த கழியை ஓர் ஆள் பிடுங்கிக் காட்டிச் சிரித்தான். அருணாச்சலத்தின் படகுக்கோல் அவன் மண்டையில் இறங்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து செத்தவன் ரங்கசாமி, குப்பாயியின் புருஷன். அவள் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

முதலில் பிடுங்கியது தன் புருஷன்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். யாரும் அவள் எதிரில் அதைச் சொன்னதில்லை. அவளும் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அருணாச்சலம் ஜெயிலுக்குப் போனான். அதோடு முடியவில்லை. இரண்டு ஊரிலும் அரிவாள் தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் அம்மன் கோயிலில் கூடியபோது, குப்பாயி சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு என்ற நிலைமை. சின்னப் பிள்ளையாக இருந்த மகன் சேகரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் போனாள். பழிக்குப் பழி கேட்க மாட்டேன் என்று எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அன்றையிலிருந்து கால்வாய் இரண்டு ஊருக்கும் பொது. சீட்டுப் போட்டுப் பாடு பிரித்தார்கள். ஒரு நாளை மட்டும் சீட்டில் சேர்க்கவில்லை. மாசி அமாவாசைப் பாடு தலைமுறை தலைமுறைக்கும் குப்பாயி வீட்டுக்கு. ரங்கசாமியின் உயிருக்கு இரண்டு ஊரும் சேர்ந்து கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாளைத்தான் சமாதானத்துக்கு வேண்டும் என்று கேட்டு வந்து நின்றார்கள்!

தலைவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு நாள் என்றால் பிறையைப் பார்த்து எண்ணுவது. பட்டணத்து ஆள் இங்கிலீஷ் தேதியைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை என்றார். நம்ம ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்களே என்ற பூரிப்பில் தலைவர் மண்டையை ஆட்டிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பிறையை எண்ணிப் பார்த்தபோதுதான் அது மாசி அமாவாசை என்று தெரிந்தது. அப்போதே ஓடிப்போய் நாளை மாற்றியிருக்கலாம். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க வெட்கம். குப்பாயிதானே, பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

“கற்பூரத்த அணைச்சது நானு,” என்றாள் குப்பாயி. “பக்கத்துல நின்னுக்கினு இருந்தது நீ. இனிமே இந்தக் கால்வாயில ரத்தம் வுயாது, நான் பொறுப்புன்னு சொன்னது எந்த வாயிண்ணா? இந்த வாயிதானே?”

“சண்டையே இல்லாம பண்றதுக்குத்தானே அவங்களும் வராங்க…”

“எங்க சண்டைய நாங்க தீத்துக்கினோம்! ஒரு ஜப்பான்காரனும் வர்ல, ஒரு ஜெர்மனிக்காரனும் வர்ல. என் தாலி அறுந்து தீந்துது. நான் வலை கட்டத்தான் போறேன். யாராண்ட வேணா போய்ச் சொல்லு.”

பரசுராமன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஏழைபாழைகளிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று எங்கேயோ கற்றுக்கொண்டு வந்த சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் சேகர் குதித்தான். மீசை முளைத்துக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயசு. “எவனாவது நம்ம கயிய தொடட்டும்மா. தொட்ட கைய ஒடிச்சிப் போட்றேன்!”

அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. அடக்கியிருக்க வேண்டியவள்தான்; அடக்கவில்லை. “அப்பன் புள்ளடா நீ,” என்று இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உதவிக்கு ஓர் ஆளும் வரவில்லை. அவள் வீட்டுப் படகு தவிர இரண்டு ஊர்ப் படகையும் ஊர்வலத்துக்குப் பேசிவிட்டிருந்தார்கள். பெண்கள் வலை கட்டப் போகிற வழக்கம் அங்கே இல்லை. வழக்கமாவது மண்ணாவது என்று குப்பாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பிள்ளையோடு இறங்கினாள். கால்வாய்க்குக் குறுக்கே வரிசையாகக் கழி ஊன்றி வலையைக் கட்டி முடித்தார்கள். தண்ணீர் வத்த ஆரம்பித்தது. பெரிய படகு போக அந்தக் கால்வாயை விட்டால் வேறு ஆழம் கிடையாது.

வெயில் ஏறும்போது ஊர்வலம் வந்தது. படகுக்குப் படகு வெள்ளைக்கொடி. தொப்பி போட்ட துரைமார்கள், குடை பிடித்த துரைசாணிகள், பட்டணத்துப் பெரிய மனுஷர்கள் எல்லாரும் சேர்ந்து புரியாத பாஷையில் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். முதல் படகில் பரசுராமனும் தலைவரும். அடுத்த படகில் கோல் போட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் குப்பாயியின் மூக்கு விடைத்தது. அருணாச்சலம். ஜெயிலிலிருந்து திரும்பித் தலை நரைத்துப் போயிருந்தான். அவளை எதிரில் கண்டால் வழியை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்பான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

“குப்பாயி, ஊர் மானத்த வாங்காத! வலைய அவுத்து வுடு!” என்று தலைவர் கத்தினார்.

“எறா ஓட்டம் முடிஞ்சதும் தூக்கறேன். அதுவரைக்கும் நில்லுண்ணா. நிக்கறதுதான் மொற.”

“டேய், யாராவது ஒரு கயிய எடுங்கடா.”

ஒருத்தனும் அசையவில்லை. மேட்டுக்குப்பத்தான் தலையைக் குனிந்துகொண்டான். அக்கரைக்குப்பத்தான் வேறு பக்கம் பார்த்தான். பாட்டு பாதியில் நின்றது.

பரசுராமனுக்குப் பொறுமை போய்விட்டது, சிரிப்பு போகவில்லை. மத்தியானம் மாநாட்டுப் பந்தலில் மந்திரி காத்திருப்பார். ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். “ஒரு குச்சிதானேம்மா, இதுக்குப் போயி…” என்றபடி நடுக்கழியை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கிவிட்டார்.

வலை தொய்ந்தது. சேகர் படகுக்கோலைத் தூக்கிவிட்டான்.

போடுடா, என்றது குப்பாயியின் மனசு. ஆமாம், அப்படித்தான் சொன்னது. அந்தச் சிரிப்பின் மேலேயே போடு என்றது. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அவளுக்குக் கண் தெரிந்தது. பிடுங்கின கழியோடு பல்லைக் காட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற ஆள். அது ரங்கசாமி நின்ற நிலை. கோலைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை அப்பன் பிள்ளையாக இல்லை. அருணாச்சலமாக நின்றான். ஐயோ, என் பிள்ளை கொலைகாரனாகிறானே என்று அடிவயிறு கூவியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

தண்ணீர் தெறித்தது. படகிலிருந்து அருணாச்சலம் குதித்து இரண்டு பேருக்கும் நடுவில் பாய்ந்தான். கோல் அவன் தோளில் மடேரென்று இறங்கியது. அவன் திருப்பிக் கை ஓங்கவில்லை. பரசுராமன் கையிலிருந்த கழியைப் பறித்தான். காலால் சேற்றைத் துழாவி, அது இருந்த குழியைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் ஊன்றினான். அடிபட்ட கை துவண்டு தொங்கியது. மற்ற கையால் கழியைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“வேணாம் சேகரு,” என்றான். “நான் பட்டது போதும். உனக்கு வேணாம்டா.”

சேகரின் கையிலிருந்து கோல் நழுவித் தண்ணீரோடு போனது.

அப்போது படகுகளில் கைதட்டல் கேட்டது. ஏதோ சமாதானக் கூத்து நடித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு துரை கேமராவைத் தூக்கிப் படம் பிடித்தார். தலை நரைத்த ஜப்பான்காரம்மா ஒருத்தி மட்டும் தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சேகரையே பார்த்தாள்.

குப்பாயிக்குக் குரல் திரும்பி வந்தது. “இன்னாத்துக்குக் கையத் தட்றீங்க? கூத்தா நடக்குது இங்க? த்தூ! இப்ப ஒரு கொலை வுயுந்திருக்கும், தெரியுமா உங்களுக்கு?” பரசுராமன் பக்கம் திரும்பினாள். “குச்சியாம் குச்சி! ஏறுய்யா படகுல! நீயும் உன் இளிப்பும்!”

பரசுராமன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏறினார்.

“தலைவரே! எறா ஓட்டம் முடியற வரைக்கும் ஒரு படகு நவுரக் கூடாது. உலகமே வந்து நின்னாலும் சரி, நிக்கட்டும்.” அண்ணா என்று அவள் கூப்பிடவில்லை என்பது தலைவருக்கு உறைத்தது. படகில் உட்கார்ந்தார்.

மகனிடம் போய்ப் பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட கையாலேயே அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

வத்துகிற தண்ணீர் வலையை இழுத்தது. ஒற்றைக் கையில் நடுக்கழி சாய்ந்துகொண்டே வந்தது. இரண்டு ஊர்ப் படகோட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, குப்பாயி மகனை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அருணாச்சலத்தின் எதிரில் போய் நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னா தலையத் தொங்கப் போட்டுக்கினு கீறே? கோணலா போவுது பாரு!” என்று கத்தினாள். அவன் கைக்குக் கீழே தன் இரண்டு கையையும் கொடுத்துக் கழியைப் பிடித்தாள். “உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத. நேரா புடிய்யா.”

அவன் நேராகப் பிடித்தான்.