பஸ் நிறுத்தத்தில் பிறந்த கிடாரி

விடிந்து தொழுவத்துக்குப் போன பெகி, கதவு பிய்ந்து கிடப்பதையும் உள்ளே தன் மாடு பிளாரக் இல்லாததையும் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்குப் பேய்க்காற்று புதிதல்ல. ஆனால் காணாமல் போனது நிறைமாதச் சினைமாடு. இரண்டு வருஷமாகக் கரு தங்காத மாட்டை, "வித்துத் தொலை" என்று ஊரே சொல்லியும் கேட்காமல் வைத்திருந்தாள்.

கடலோர வேலிவரை தேடினாள். பிறகு பொது மேய்ச்சல் மேட்டில் ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு சதுப்புக் குழியிலும் எட்டிப் பார்த்தாள். அதில் விழுந்த மாடு தானாக ஏறி வந்ததில்லை. மூடுபனி வேறு இறங்கிவிட்டது. நனைந்த கோழியாக அவள் சாலைக்கு வந்தபோது தபால் வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

"பெகியக்கா, மாட்டையா தேடுற?" என்றான் தபால்கார ஈவன்.

"பாத்தியாடா? உசுரோட இருக்கா?"

"ஏறு மொதல்ல. பக்கத்து ஊரு பஸ் ஸ்டாப்புல ஒரு செவல மாடு வலியெடுத்து நிக்குதாம். ஃபின்லே அண்ணன் என்னை நிறுத்திச் சொன்னாரு. அதான் உன்னைத் தேடிக்கிட்டு வர்றேன்."

ஒற்றைத் தடச் சாலை. நடுவில் படுத்திருந்த ஆடுகள் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

"ஹாரன் அடியேண்டா!"

"அடிச்சா எந்திரிச்சிருமா? உங்க ஊரு ஆடாச்சே, ஒன்ன மாதிரியேதான் இருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் பெகி பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். இன்று கீழே இறங்கி, ஆடுகளைக் கையாலேயே தள்ளிவிட்டாள்.

நிறுத்தத்தின் சிமெண்டுச் சுவருக்கு வெளியே ஃபின்லே நின்றிருந்தார். நகரத்துக்குப் போவதற்காகப் போட்ட நல்ல கோட்டு. முழங்கைவரை ரத்தம். பெகி வண்டியிலிருந்து குதித்து ஓடினாள்.

"மெதுவா வா, மிரண்டுடப் போவுது" என்றார்.

உள்ளே பிளாரக் நின்று நக்கிக்கொண்டிருந்தது. அதன் காலடியில், ஈரம் காயாமல், தலையை ஆட்டி ஆட்டி எழப் பார்த்தது ஒரு கன்று.

"தலை மடிஞ்சு மாட்டிக்கிச்சு. அந்நேரம் பாத்து பஸ்ஸும் வந்துட்டுப் போயிருச்சு. பல்லு புடுங்கப் போக வேண்டியவன், கன்னப் புடுங்கிட்டு நிக்கிறேன்."

"ஐயோ, பல்லு இப்ப வலிக்குதாண்ணே?"

"பதட்டத்துல மறந்தே போச்சு. கிடாரிம்மா. பொட்டக் கன்னு!"

பெகி மண்டியிட்டுத் தன் விரலைக் கன்றின் வாயில் வைத்தாள். இளஞ்சூடான வாய். வெடுக்கென்று சப்பி இழுத்தது. சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

"வித்துருந்தா போயிருக்குமேண்ணே, போயிருக்குமே!"

நஞ்சுக்கொடி விழும்வரை மூவரும் அங்கேயே இருந்தார்கள். ஃபின்லேயின் பிளாஸ்க்குத் தேநீர் ஒரே மூடியில் கைமாறிக்கொண்டே இருந்தது. அன்று அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தபால் மத்தியானத்துக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தது.