வானத்தைத் திருப்புவதில்லை

ஜோசெட் மஞ்சள் கவுனில் என் மேசை முன் வந்து நின்றாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவளைத் துக்கக் கறுப்பைத் தவிர வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. கையில் சுருட்டிய காலண்டர் ஒன்று. 1967-க்காக எங்கள் ஸ்டூடியோ படம் செய்து கொடுத்தது. சைகோனின் பென்-தான் சந்தைக் கடைகளில் அந்த டிசம்பர் வாரம்தான் தொங்கத் தொடங்கியிருந்தது.

"ழான் அண்ணே, அவரு உசுரோட இருக்காரு," என்றாள்.

என் மேசைமேல் காலண்டரை விரித்தாள். மேட்டுநிலத்துப் புல்வெளி. நடுவில் ஒரு காட்டெருமை. மேலே காலை வானம். அடியில் பொடி எழுத்தில் 'இக்னாஸ், 1966' என்றிருந்தது.

இக்னாஸ் அவள் கணவன், என் நண்பன். ஒரே இருட்டறையில் ஒன்பது வருடம் நானும் அவனும் முட்டி மோதிக்கொண்டு வேலை பார்த்தோம். 1965 மார்ச்சில் மேட்டுநிலத்தில் பான் மே துவோத் பக்கம் வானமும் புல்வெளியும் படமெடுத்து வரப் போனவன் திரும்பவில்லை. ராணுவத்தார் அவனுடைய ஜீப்பைக் கண்டுபிடித்தார்கள். அவனும் கேமராவும் கிடைக்கவில்லை.

"அறுபத்தஞ்சுல காணாமப் போனவரு அறுபத்தாறுல படம் அனுப்பியிருக்காருன்னா என்ன அர்த்தம்? எங்கயோ மறைஞ்சிருக்காரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்க எல்லாரும் வாய மூடிட்டு இருக்கீங்க. பரவால்லண்ணே, நானும் யாருட்டயும் சொல்லல. கப்பல் டிக்கெட்ட மட்டும் திருப்பிக் குடுத்திட்டு இங்கயே இருந்திடறேன்."

கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. பிரான்சில், மார்செய்யில் அவள் அண்ணன் வீடு பார்த்து வைத்திருந்தார். மகள் மாரி-ரோஸுக்கு ஏழு வயது. போன மாதம் அவள் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே குண்டு வெடித்து, அன்றிலிருந்து கதவு அடித்துச் சாத்தினாலே அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இவர்கள் இந்த ஊரில் தங்கவே கூடாது.

இந்தப் படத்தைச் செய்தவன் நான். காலண்டர்காரர்களுக்குக் காட்டு மிருகம் வேண்டும், காட்டிலோ சண்டை. அதனால் மிருகத்தை மிருகக்காட்சி சாலையில் எடுப்போம். பிரதி போட்டு, பிளேடால் அறுத்து, காகிதத்தின் ஓரத்தைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, புல்வெளிமேல் ஒட்டுவோம். வானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து கொண்டு வருவோம். ஒட்டுத் தெரியாமல் தூரிகை ஓட்டி, மொத்தத்தையும் மறுபடி படம் எடுப்போம். வெயில் எந்தப் பக்கத்து வெயில் என்பதுதான் வேலையே. வானத்தில் சூரியன் இடப்பக்கம் என்றால் எருமைக்கும் இடப்பக்கம்தான் வெளிச்சம் விழ வேண்டும். இதில் சைகோனில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லித் திரிந்தவன்.

எல்லாம் வானத்துக்கு அடங்கியே நடப்பதால், எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. படத்தின் அடியில் வானத்தை எடுத்தவர் பெயரைத்தான் போடுவோம். இந்த வானம் இக்னாஸ் எடுத்தது. அவன் பெயர் இன்னொரு தடவை அச்சில் வரட்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்தில், படம் செய்த வருடத்தை எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படம் செய்த விதத்தை ஜோசெட்டிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொம்பு, முதுகு, வால் என்று ஓரம் ஓரமாகத் தேடினாள்.

"எங்க ஒட்டியிருக்கு? காட்டுங்க."

காட்ட முடியவில்லை. எனக்கே தெரியவில்லை. ஒட்டி வைத்த மூலப் படத்தை முதலாளி பியேர் வழக்கம்போல எரித்துவிட்டார். வித்தை வெளியே போகக்கூடாதாம். எருமை நெகட்டிவை எடுத்து நீட்டினேன். அதில், பிரதியில் சுற்றுப்புறம் விழாதிருக்க, எருமையைச் சுற்றி மொத்தமும் செஞ்சாயம் பூசி மறைத்திருந்தது.

"இதுவும் அவரு அனுப்பினதுதான். சுத்தி இருந்த காட்டை நீங்க பூசி மறைச்சிட்டீங்க."

வான நெகட்டிவின் உறையைக் காட்டினேன். 'காலை ஏழரை, சூரியன் இடம்' என்று மட்டும் இருந்தது. நாங்கள் உறையில் வருடம் எழுதுவதில்லை. உறையை அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அவரு கையெழுத்துண்ணே," என்றாள்.

"அம்மா தாயே, நான் செஞ்ச பொய் அது! நம்பும்மா!" என்று கத்திவிட்டேன்.

"அவரு பேரு வந்தது உங்களுக்குப் பொறுக்கல," என்றாள் ஜோசெட். அது என்னைச் சுட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு, மிருகக்காட்சி சாலைக்கு வா என்று கூப்பிட்டேன். சீக்ளோ ரிக்‌ஷாவில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காலண்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

காட்டெருமை வேலியோரம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் காது ஒன்று முக்கோணமாகக் கிழிந்திருக்கும். கம்பியில் மாட்டிக் கிழிந்தது. படத்தில் அதை நான் சரிசெய்யவில்லை. கிழிந்த காது இருந்தால் காட்டில் சண்டை போட்ட மிருகம் என்று நம்புவார்கள் அல்லவா.

ஜோசெட் காலண்டரைப் பார்த்தாள். எருமையைப் பார்த்தாள்.

"படத்துல வலது காது கிழிஞ்சிருக்கு. இதுக்கு இடது காது. இது வேற மாடுண்ணே." குரலில் அப்படி ஒரு நிம்மதி.

அவள் சொன்னது சரிதான். நான் எருமையை எடுத்தபோது வெயில் வலப்பக்கம் இருந்தது. வானத்திலோ இடப்பக்கம். அதனால் எருமை நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்தேன். வெளிச்சம் பொருந்தியது, காது மாறியது.

இதை வாயால் சொல்லிப் புண்ணியமில்லை. "கைப்பையில கண்ணாடி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். பவுடர் டப்பியை எடுத்தாள். அதன் மூடிக்குள் வட்டக் கண்ணாடி. "வேலிக்கு முதுகைக் காட்டி நில்லு. கண்ணாடியில அதைப் பாரு."

நின்றாள். கண்ணாடியைத் தோளுக்கு மேல் உயர்த்திச் சாய்த்தாள். எருமை தலையைத் தூக்கியது. எனக்கும் தெரிந்தது, அந்தச் சின்ன வட்டத்துக்குள். வலது காது கிழிந்த அதே காட்டெருமை, காலண்டரிலிருந்து இறங்கி வந்து நின்றது.

அவள் வெகுநேரம் கண்ணாடியை இறக்கவில்லை. மறுபடி ஒருமுறை இக்னாஸைச் சாகக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அதைச் செய்ததும் என் கைதான்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மெல்லக் கேட்டாள். "வானமும் திருப்பிப் போட்டதா?"

"இல்லம்மா. வானத்தை நாங்க திருப்பறதில்ல. மத்ததைத்தான் அதுக்கு ஏத்தபடி திருப்புவோம்."

"அது எங்க எடுத்தது?"

ஸ்டூடியோவிலேயே சொல்லியிருந்தால் இந்தக் கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது. ஒன்றரை வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் என் வாயை அடைத்திருந்தது. ஜீப்பில் ஒரு பை கிடந்தது. ஸ்டூடியோ பெயர் எழுதியிருந்ததால் ராணுவத்தார் அதை எங்களிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு ரோல். பன்னிரண்டு படமும் வானம். ஜீப்பை விட்டு இறங்கிப் போகும் முன் ரோலைச் சுற்றிய காகிதத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். அதையே வெட்டி உறையில் ஒட்டினேன்.

"அவன் கடைசியா எடுத்தது அதுதான், ஜோசெட். உன் கையில கொடுத்திருக்கணும். நல்ல வானம்னு நினைச்சு எங்க இழுப்பறையில போட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலண்டரை மறுபடி விரித்து, எருமையையும் புல்வெளியையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேலே இருந்ததை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் கறுப்பு உடையில் வந்தாள். பன்னிரண்டு நெகட்டிவையும் எண்ணிக் கொடுத்தேன். கவுனுக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்றாள்.

"காலண்டர்ல பேரை எடுத்துடச் சொல்லி பியேர்ட்ட பேசறேன்," என்றேன்.

"பேரை எடுக்காதீங்கண்ணே. அது அவருதுதானே. வருஷத்தை மட்டும் மாத்துங்க."

விற்றுப் போனதை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டூடியோவில் நானூற்றிச் சொச்சம் மிச்சமிருந்தன. கப்பல் புறப்பட்ட அன்று உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 1966-இன் கடைசி ஆறை வெள்ளை பூசி ஐந்தாக்கினேன். திருத்தியது நன்றாகவே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.