கண்ணாடியில் விழுந்த குடை

"குடையா, பெட்டியா மேடம்?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. சுத்தி எல்லாம் கண்ணாடிச் சுவரு. குடையைப் போட்டா வெளிச்சம் ரூம் பூரா சிதறும்."

"மழையில்லாத எடத்துல குடை எதுக்குன்னுதான் நானும் பதினோரு வருஷமா கேக்குறேன்."

போன மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில், ஒரு வங்கியின் மேல்மாடியில் நடந்த பேச்சு அது. பெர்மெத் "அண்ணே" என்று கூப்பிட்டது தன் அப்பா ஈசாக்கை. பெரிய நிறுவன அதிகாரிகளை அவர்கள் அலுவலகத்துக்கே போய்ப் படமெடுப்பது அவள் தொழில். ஈசாக் வண்டி ஓட்டுவார், விளக்குகளையும் அவற்றின் வெளிச்சத்தை மெதுவாக்க மாட்டும் வெள்ளைக் குடையையும் துணிப் பெட்டியையும் சுமப்பார். முதல் நாள் ஒரு மேலாளர், "டிரைவரா?" என்று கேட்டபோது அவள் ஆமாம் என்று தலையசைத்துவிட்டாள். அன்றிலிருந்து வேலை இடத்தில் அவர் அண்ணன், அவள் மேடம். அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டது அவர்தான்.

இப்போது இழவுக்கென்று வீட்டு முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் அவர் கிடந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி உலான் வாசலில் குனிந்து, வெளியே வைக்க அப்பா படம் ஒன்று கேட்டான்.

"உங்கிட்ட இல்லாததாக்கா?"

இருந்தது. மடிக்கணினியில் நானூற்றுக்கு மேல் இருந்தது. அதிகாரி வருவதற்குமுன் நாற்காலியில் உட்காருவது ஈசாக்தான். அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. சட்டென்று விரிவது குடை என்பதால் முதலில் குடை. ஒரு படம். மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் வெள்ளைக் குடையின் பிம்பம். உடனே அதைக் கழற்றிவிட்டு சாஃப்ட்பாக்ஸ் பெட்டியை மாட்டி, உயரத்தில் பக்கவாட்டாகத் தள்ளுவாள். வெள்ளை விலகி அப்பாவின் கண்கள் தெரியும். தெரிந்த கையோடு, அடுத்த படம் எடுக்குமுன்பே, அவர் எழுந்துவிடுவார்.

"சீட்டைச் சூடு பண்ணியாச்சு. பெரியவரைக் கூப்பிடுங்க மேடம்."

ஒவ்வொரு முறையும் அவள் நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. ஒவ்வொரு முறையும் கதவருகே யாராவது ஓர் அதிகாரி கோட்டைச் சரிசெய்தபடி நின்றார்.

நானூறையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வேறு வேறு அலுவலகம், வேறு வேறு சட்டை, அதே சிரிப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் குடை.

கடைசியில் அவருடைய டிரைவர் லைசென்சை எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்து உலான் வெளியே வைத்தான்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றியாயிற்று; முகம் மட்டும் இன்னும் மூடவில்லை. தூக்குவதற்கு ஆண்கள் உள்ளே வந்தார்கள். அங்கே வழக்கப்படி பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. அவளுக்கு இந்தக் கூடார வாசல் வரைதான். கூரையின் வட்டத் திறப்பு வழியாக வெயில் மெத்தென்று சாய்ந்து அவர்மேல் விழுந்திருந்தது. இந்த வெளிச்சத்துக்குப் பெட்டிகூட வேண்டியிருக்காது. அவருடைய மூக்குக்கண்ணாடி அவள் கையில் இருந்தது.

நான்கு பேர் குனிந்து பிடித்தார்கள்.

"அப்பா," என்றாள் பெர்மெத், எல்லோருக்கும் கேட்கும்படி. "எந்திரிக்காதீங்கப்பா. ஒன்னே ஒன்னு. உங்களுக்குன்னு ஒரு படம் எடுத்துக்கிறேன்."