எழுத்து தெளிஞ்சிருச்சா, அக்கா?

கோளாறு அந்தப் பாழாய்ப்போன பெட்டியில்தான் என்று மூன்று வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஈப்போவில் எங்கள் அச்சகத்துக்கு முதலாளி கார்த்திகேசு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கல்யாண அழைப்பிதழ்களை அதில் அடிப்பது என் வேலை. போன வாரம் எட்டாம் தேதிக் கல்யாணத்தை மூன்றாம் தேதி என்று அடித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கடைக்கே வந்து கத்தினார்கள்.

"நவமணி, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார் முதலாளி.

"மொதல்ல உங்க ஸ்கிரீன பாருங்க லா! எழுத்தெல்லாம் பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு," என்று நானும் விடவில்லை.

வாய்தான் அப்படி. நினைப்பெல்லாம் அம்மாவிடம் போய் நின்றது. நாங்கள் இருந்த சுங்காய் ரப்பர் தோட்டத்தில் அவளும் "பல்பு மங்கலா எரியுது" என்றுதான் ஆரம்பித்தாள். அப்பா இரண்டு தடவை பல்பு மாற்றினார். மூன்றாவதை வாங்கி வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா, "லைட்டு நல்லாத்தானே எரியுது?" என்று கேட்டாள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, அவள் கண்ணில் இறங்கியிருந்தது. அடுத்த தீபாவளிக்கு அம்மாவுக்கு என் முகம் தெரியவில்லை.

அதனால் கோளாறு பெட்டியில்தான் இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

டிவி ரிப்பேர் பண்ணும் சன்னாசியை வரவழைத்தோம். பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, ஓடவிட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்தான். "கிட்ட வராதீங்க அக்கா, உள்ள பத்தாயிரம் வோல்ட்டு." ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மறு கையில் பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்தான். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயுமாம். அவன் விசில் அடித்துக்கொண்டிருந்தான். நடுங்கியது நான்தான்.

வழக்கமாகத் திரைக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, பின்னாலிருந்தே எழுத்தைப் பார்த்துத் திருகுவான். அன்று அதை மறந்துவிட்டு வந்திருந்தான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. தெளிஞ்சதும் போதும்னு சொன்னாப் போதும்."

திருகினான். "இப்ப?"

திரை முழுக்கப் பச்சைப் பாசி.

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப? எழுத்து தெளிஞ்சிருச்சா, அக்கா?"

அதே பாசி. முதலாளி வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாரியாத்தா, ஒரே ஒரு எழுத்தைக் காட்டு தாயே என்று வேண்டினேன். அவள் காட்டவில்லை.

"ஆ, போதும்! பளிச்சுன்னு இருக்கு," என்றேன்.

சன்னாசி முன்னால் வந்து திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். விசில் நின்றுவிட்டது.

"அக்கா," என்றான் மெதுவாக, "எனக்கே ஒரு எழுத்தும் தெரியல."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அண்ணே, நீங்க வந்து பாருங்க," என்று முதலாளியை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! அடேயப்பா, அச்சடிச்ச மாதிரி இருக்கே!" முதலாளி சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது சரிதான் நவமணி. கோளாறு பெட்டியிலதான். நான்தான் உன்னை ஏசிட்டேன்."

அந்த வார்த்தைக்காக மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். பாசிதான்.

முதலாளி உள்ளே போனதும் சன்னாசி மூடியை முடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்: "தாகம் ரொம்ப எடுக்குதா, அக்கா?"

"எடுக்குது."

"எத்தன நாளா?"

"பயமா இருக்கு தம்பி," என்றேன். "என்னை உன் பைக்ல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. பஸ்ஸுல நம்பர் தெரிய மாட்டேங்குது."