மொய்யாகப் போன யமதண்டம்

கறம்பக்குடி மண்ணில் மூவாயிரம் வீரர்கள் மடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை வரலாறு தன் மார்பில் பச்சை குத்திக்கொள்ளும். மடிந்தது ஒரு செல்போனுக்குள். அதன் விரிசலில் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

செல்போன் ஜெராக்ஸ் கடை குழந்தைசாமியுடையது. சோழர் காலத்துப் போர் விளையாட்டில் அவர் பெயர் 'நாற்றிசை வென்றான்'. நாற்பது ஆட்டக்காரர்கள் கொண்ட படைக்கு அவரே மன்னர். ஆதார் அட்டையை நகலெடுக்க வருகிறவர்களிடமும் கொஞ்சம் அந்தத் தோரணையில்தான் பேசுவார். அன்றைக்குக் கோட்டை விழுந்தால் மகுடம் பறிபோய்த் தளபதிக்குச் சேரும் என்பது விளையாட்டின் விதி. முற்றுகையிட வந்திருந்தவர் கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி சேவுகன்.

குழந்தைசாமி அரும்பொருள்கள் சேர்ப்பதில் பேர்போனவர். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, கீழே நிற்பவனைச் சாகவிடாத வெண்கொற்றக்குடை, எந்தக் கதவையும் ஒரே அடியில் பிளக்கும் யமதண்டம் எல்லாம் அவர் பாடுபட்டு ஈட்டியவை. அவை இப்போது எங்கே இருக்கின்றன என்பது மட்டும் அவருடைய படைக்குத் தெரியாது.

போர் தொடங்கியதும் யானைகளை அவிழ்த்துவிட்டார். சேவுகனின் முன்வரிசை மிதிபட்டுக் கூழானது. தும்பிக்கையில் சிக்கியவன் மதிலில் அறைபட்டு இரண்டாகப் பிய்ந்தான். துண்டான தலைகள் அகழியில் மிதந்தன. நகலெடுக்க வந்த ஒருவர் கடை வாசலில் கனைத்துப் பார்த்தார். மன்னர் நிமிரவில்லை.

அப்போதுதான் எதிரிப் படையின் நடுவே வெண்கொற்றக்குடை விரிந்தது. அம்பு தைத்தவர்கள் அம்பைப் பிடுங்கிக்கொண்டே நடந்து வந்தார்கள். குடைக்கு மேலே பொன்னெழுத்தில் ஒரு வரி மிதந்தது: 'அன்பளிப்பு: நாற்றிசை வென்றான், கறம்பக்குடி.'

பக்கத்து ஸ்டூலில் தன் போனோடு உட்கார்ந்திருந்த தளபதி, செருப்புக் கடை யாக்கூப், அதை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, இது நம்ம குடையில்ல?"

"ஆடியில சேவுகன் ஒண்ணு அனுப்புனாரு. திருப்பிச் செய்யாம இருக்க முடியுமா?"

"அவரு என்ன அனுப்புனாரு?"

"ஈட்டி."

"என்ன ஈட்டி?"

குழந்தைசாமி ஒரு யானையை அங்கிட்டுத் திருப்பினார். "துருப்பிடிச்சது."

ஆடியில் ஊரெல்லாம் மொய் விருந்து நடக்கும். வந்த மொய்க்குக் கூடுதலாகத் திருப்பிச் செய்யாதவன் தெருவில் தலைகாட்ட முடியாது. விளையாட்டிலும் அதே ரத்தம்தான் அவருக்கு ஓடியது. ஈட்டிக்குக் குடை போனது. ஓட்டைக் கேடயம் ஒன்று வந்ததும் கொப்பரை போனது. அறுந்த கடிவாளக் கயிறு வந்தபோது யமதண்டத்தையே மொய்யாகச் செய்துவிட்டார். சேவுகனும் மொய் எழுதி வளர்ந்தவர்தான். கயிற்றுக்கு மேல் எதையும் அவர் வீணாக்கவில்லை.

"செஞ்சவன் மேலயே எவனாச்சும் அத எறிவானா?" என்றார் குழந்தைசாமி.

எறிந்தார்கள். கொப்பரை யானைகள் மேல் கவிழ்ந்தது. வெந்து தோலுரிந்த யானைகள் வெறிபிடித்துத் திரும்பிச் சொந்தப் படையையே துவைத்தன. விலா எலும்புகள் நொறுங்கின. கொப்பரையின் மேலும் அந்தப் பொன்வரி மிதந்தது. யமதண்டம் விழுந்து கதவோடு காவலர்களும் சிதறியபோது படையினர் நாற்பது பேரும் மூன்றாம் முறையாக அந்தப் பெயரைப் படித்தார்கள். அரண்மனைப் படிகளில் குடல் சரிந்து கிடந்தவர்களைத் தாண்டி வந்த ஒருவன், நாற்றிசை வென்றானின் தலையைச் சீவி ஈட்டியில் செருகினான்.

கொஞ்ச நேரத்தில் சேவுகன் போனில் கூப்பிட்டார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"பொருளெல்லாம் நல்லா இருந்துச்சுங்க. அடுத்த ஆடிக்கும் அவசியம் செய்றேன்."

மகுடம் யாக்கூபுக்குப் போனது. குழந்தைசாமியைப் படையிலிருந்து நீக்கச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். யாக்கூப் மட்டும் அண்ணனை அப்படி விட்டுவிடவில்லை, விளையாட்டின் குதிரை லாயத்தில் வேலை போட்டுக் கொடுத்தான்.

குழந்தைசாமி தினமும் கடை திறக்குமுன் யாக்கூபின் குதிரைகளுக்குப் புல் அறுக்கிறார்.