குஷன் அக்காவின் குளத்தில் ஒரு நாணயம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எந்த ஞானோதயத்திலும் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்து எழுதும் நாற்காலியின் மெத்தை பிய்ந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அதைத் தைக்கக் கொடுத்த இடத்தில் காத்திருந்தபோது காதில் விழுந்தது இது. தைத்தவளே சொன்னாள், வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு. அதனால் சில சொற்கள் சரியாகக் கேட்கவில்லை. அந்த இடங்களில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறேன்.

தெருவில் அவளுக்குக் குஷன் அக்கா என்று பெயர். சோபா, கார் சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எதுவானாலும் பிரித்துத் தைப்பாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால், அவள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் பொதுவான கொல்லையில், அவளே கட்டிய ஒரு சிமெண்ட் குளம். குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டில் அகலம், முழங்கால் ஆழம், அவ்வளவுதான்.

பத்திரிகை நடத்தும் நண்பரிடம் சொன்னேன். "கடைசியில குளத்தை மூடிடுறாங்கன்னு வை. சந்தோஷமா முடிஞ்சா எவன் மதிப்பான்?" என்றார். நானும் அந்த எண்ணத்தோடுதான் பேனாவைத் திறந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "குளம் செத்துக்கொண்டிருந்தது."

(அடித்துவிட்டேன். சாவதற்கு, குளத்துக்கு அப்போது உயிரே வந்திருக்கவில்லை.)

தொடக்கம் இரண்டு: "பச்சை படர்ந்த அந்த நீரில் அவள் தன் முகத்தைத் தேடியபோது—"

(முகத்தைத் தேடவில்லை. செருப்பைத் தேடினாள். ஒற்றைச் செருப்பு உள்ளே விழுந்துவிட்டது. துழாவித் துழாவிக் கை வலித்ததுதான் மிச்சம். அவ்வளவு பச்சை.)

சரி, செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். அன்று கோபத்தில் அவள் குளத்தையே இறைத்துக் காலி செய்தாள். செருப்பு கிடைத்தது. தேய்த்துக் கழுவிப் புதுத்தண்ணீர் பிடித்தாள். கொஞ்ச நாள் பளிச்சென்று இருந்தது, பிறகு மறுபடியும் பச்சை. மறுபடி இறைத்தாள், மறுபடி தேய்த்தாள். துணியில் கறை பட்டால் துவைப்பதுதானே அவளுக்குத் தெரிந்த வழி. தண்ணீரைத் துவைக்க முடியாது, வளர்க்கத்தான் முடியும். [இந்த வாக்கியம் மேடையேறி நின்று பேசுகிறது. தெரிந்தேதான் விட்டுவைக்கிறேன்.]

வளர்ப்பு மீன் கடைக்காரர் சொன்னார் என்று சிவப்பும் ஊதாவுமாக எங்கோ தூரதேசத்து நீர்ச்செடிகளை வாங்கிப் போட்டாள். வந்த வாரமே கூழாகிவிட்டன.

பிறகு ஒரு நாள், வாடிக்கையாளர் வீட்டில் சீட்டைப் பொருத்திவிட்டுத் திரும்பும் வழியில், ஊர்க்கோடி வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். தண்ணீருக்குள்ளே, சோபாவின் அடியில் இழுத்துக் கட்டும் நாடாவைப் போலவே நீளநீளமான இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுநடுவே கொத்துக் கொத்தாக வேலம்பாசி. யாரும் நட்டதில்லை, யாரும் கழுவியதில்லை, ஆனால் அடிமணல் எண்ணலாம் போல் தெரிந்தது.

"பக்கத்துத் தெருவுல பொண்ணை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் பொண்ணு பார்த்த கதையா ஆயிடுச்சு சார்," என்றாள் என்னிடம்.

வேரோடு ஒரு வாளி அள்ளிவந்தாள்.*

* நீள இலைச் செடிக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும். அவள் வைத்த பெயர் நாடாச்செடி. இந்தக் கதை அவளுடையது, பெயரும் அவளுடையதாகவே இருக்கட்டும்.

3

செடி நடுவதில் என்ன கதை இருக்கிறது? நட்டது நிற்காது, அதுதான் கதை. மாலையில் மணலில் ஊன்றிவிட்டுப் போனால் காலையில் எல்லாம் மேலே மிதக்கும். கல்லைக் கட்டிப் பார்த்தாள், தண்டு அறுந்தது. "தண்ணிக்குள்ள இருக்க வேண்டிய ஜென்மம், மேல மேல வந்து எட்டிப் பாக்குது," என்று திட்டினாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தைச்சு வச்சிடேன்," என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார், பாவம்.

அவள் தைத்தாள். சோபாவின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் சாக்குத் துணியைக் குளத்தின் அளவுக்கு வெட்டினாள். பிறையாக வளைந்த ஊசி ஒன்று அவளிடம் உண்டு. அதில் பருத்தி நூல் கோத்து, ஒவ்வொரு செடியின் வேருக்கும் தளர்வாக ஒரு தையல் போட்டாள். இறுக்கினால் தண்டு நசுங்கும், விட்டால் மிதக்கும். மெத்தையில் பொத்தான் பதிக்கிற அதே கைப்பதம். அடியில் மண் பரப்பி, மேலே துணியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துத் தண்ணீர் விட்டாள்.

காலையில் ஒரு செடிகூட மிதக்கவில்லை.

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் இடம் மாறிய நாடாச்செடி பழைய இலையைக் கைவிட்டுவிட்டுத்தான் புதிது விடும். அது அவளுக்குத் தெரியாது. இலைகள் பழுத்தன, கரைந்தன, நாறின. தண்ணீர் பச்சையானது. கொசு குடும்பத்தோடு வந்து சேர்ந்தது.

4

இப்போது கொழுந்தன் வர வேண்டும். அவள் வீட்டுக்காரரின் தம்பி, புதிதாகக் கார் வாங்கியவன். முதல் வரைவில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்து, "இந்தச் சாக்கடையை இன்னைக்கே மூடுறேன்!" என்று கத்தவிட்டிருந்தேன். மெத்தை ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது என்று சாக்குச் சொல்லி மறுபடி பட்டறைக்குப் போய், அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவனா? அவன் அப்படியெல்லாம் கத்த மாட்டான் சார். எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்ப டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனது அவன்தான். சாக்கடைன்னு சொன்னது நிஜம், நாறுச்சு, சொன்னான். தெருவுல நிறுத்துன காரை எவனோ கீறிட்டான், அவனுக்கு வயிறு எரியுது. பிள்ளையைக் கொசு கடிக்குது. நான் அவனா இருந்தா எப்பவோ மூடியிருப்பேன்."

மீசையை மழித்துவிட்டேன். எதிராளி நல்லவனாகிவிட்டால் கதை எழுதுகிறவன் பிழைப்பு என்னாவது?

நடந்தது இதுதான். கொழுந்தன் ஒரு கொத்தனாரோடு வந்து கொல்லையை அளந்தான்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. இதை மூடிட்டா காரை உள்ள விட்டுடலாம்."

"தம்பி, ஊரே உக்கார நான் தைச்சுக் கொடுக்கிறேன். நான் உக்கார இந்த ஒரு இடம்தான்பா இருக்கு."

நாள் முழுக்கப் பசை நெடியிலும் பஞ்சுத் தூசியிலும் கிடப்பவள், சாயங்காலம் அந்த விளிம்பில் காலை நீட்டி உட்காரும் சிறிது நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அது போனால் அவளுக்கு வேறு இல்லை.

கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, சுண்டி, குளத்தில் போட்டான். டுபுக்கென்று பச்சைக்குள் போய் மறைந்தது.

"சரி அண்ணி. இவர் கையில இருக்கிற கட்டடத்தை முடிச்சிட்டு வரட்டும். அன்னைக்கு நான் இங்க வந்து பார்த்து, பூவா தலையான்னு சொல்லணும். சொன்னா குளம் உங்களுது. சொல்ல முடியலைன்னா மூடிடுவோம். நீங்க காசைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

5

[இங்கே நான் எழுதிவைத்திருந்த முடிவு: கொத்தனார் வருகிறார். ஜல்லி கொட்டும் சத்தம். அவள் ஜன்னலோரம் நின்று, கையிலிருந்த வளைந்த ஊசியை—]

ஊசியை என்ன செய்தாள்? எவ்வளவு முட்டியும் அந்த வாக்கியம் முடியவில்லை. அவள் ஜன்னலோரம் நிற்கிற ஆளே அல்ல.

[இன்னொரு முடிவு: யாரும் பார்க்காதபோது அவள் நாணயத்தை எடுத்துப் பார்த்துவிட்டு—]

சீ. சொன்ன சொல் மாறாதவளைத் திருடியாக்கி ஒரு கதை எழுத வேண்டுமா?

இரண்டு காகிதங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளிடமே போனேன். "எப்படி முடிக்கிறதுன்னு தெரியலை அக்கா."

"நாளைக்குக் கொத்தனார் வர்றாரு. வந்து பாருங்க. அப்புறம் முடிங்க, இல்லாட்டி விடுங்க."

6

போனேன். கொல்லைக் கதவைத் திறந்ததுமே என் இரண்டு முடிவுகளும் செத்துவிட்டன.

இடையில் அவள் செய்தது ஒன்றே ஒன்று: கழுவாமல் இருந்தாள். மிதந்த அழுகலை மட்டும் மேலாக எடுத்துப் போட்டுவிட்டு, கை பரபரத்தபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தையலுக்குள்ளிருந்து ஒரு பச்சை நுனி வந்தது. அது பக்கவாட்டில் கொடி ஓட்டி இன்னொன்றை ஊன்றியது, அது இன்னொன்றை. எதற்கும் தையல் தேவைப்படவில்லை. இப்போது வெயில் அடிமண் வரை இறங்கியிருந்தது. வேலம்பாசி நுனிகளில் குமிழிகள் கோத்துக் கோத்து மேலே போயின. ஒரு கொசு இல்லை.

கொத்தனார் கடப்பாரையை இறக்காமலே கேட்டார்: "இதையாங்க மூடச் சொல்றீங்க?"

கொழுந்தன் குனிந்தான். இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். "தண்ணி சுத்தம்தான் அண்ணி. ஆனா காசு தெரியலையே. ஒரே செடியா இருக்கே."

இதை அவள் நினைக்கவே இல்லை. செடி ஜெயித்ததாலேயே அவள் தோற்கப்போகிறாள். [பத்திரிகை நண்பரே, உங்களுக்குப் பிடித்த முடிவு வாசல் வரை வந்துவிட்டது.]

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடக் கூடாதுன்னுதானே தம்பி பேச்சு? நீ தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. செடியை விலக்கிப் பாரு."

கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். கொழுந்தன் வாட்சைக் கழற்றி, எட்டிப் பார்க்க வந்த அண்ணனிடம் கொடுத்தான். ஒரு காலத்தில் சாக்கடை என்று சொன்ன தண்ணீரில் முழங்கை மூழ்கக் கையை விட்டு, பிள்ளைக்கு வகிடு எடுப்பதுபோல் நாடாக்களை மெதுவாக விலக்கினான். அவன் நக அழுக்குகூட எங்களுக்குத் தெரிந்தது. சாக்குத் துணியின் மேல் நாணயம் கிடந்தது. அதன் மேல் சாவகாசமாக ஒரு நத்தை உட்கார்ந்திருந்தது.

"நத்தையோட கொம்பு ரெண்டும்கூடத் தெரியுது அண்ணி," என்றான், சிரிப்பை அடக்க முடியாமல். "போதும். குளம் உங்களுது. காரை நான் வெளியிலேயே விட்டுக்கிறேன்."

"அதெல்லாம் செல்லாது. பேச்சுன்னா பேச்சு. பூவா தலையா, சொல்லிட்டு எழுந்திரு. நத்தையைத் தள்ளாதே, அது அதும்பாட்டுக்குப் போகட்டும்."

அவ்வளவு கம்பீரமாக ஒருவர் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. விட்டுக்கொடுத்த வெற்றி அவளுக்கு வேண்டாம். முழுசாக வேண்டும்.

ஆகவே காத்திருக்கிறோம். அவள் தனியாக உட்காரும் விளிம்பில் இப்போது கொழுந்தன், கொத்தனார், பேப்பரை உள்ளேயே விட்டுவந்த வீட்டுக்காரர், நான், நடுவில் அவள். இடம் போதவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருகிறோம், நீங்களும் வாருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நத்தை நகர ஆரம்பித்துவிட்டது. என் காகிதம் வெளிச்சத்தை மறைக்கிறது என்று அக்கா அதட்டுகிறாள், எழுதுவதை இத்தோடு நிறுத்துகிறேன். நாணயத்தின் ஓரம் தெரிகிறது. கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் உரக்கச் சொல்லிவிடுங்கள்: பூவா, தலையா?